ஓடுகிற மெஷினை நிறுத்தாதே

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தபால் அட்டை முந்தாநாள் படகில் வந்தது. "உன் அண்ணனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. நம் வீட்டுப் பெட்டி திறக்க மாட்டேன் என்கிறது. கடைக்காரர் தூக்கிப் போடச் சொல்கிறார்." அவ்வளவுதான். நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. பின்பக்கம் திட்டியாவது எழுதியிருப்பீர்கள் என்று திருப்பிப் பார்த்தேன். அதுவும் இல்லை. கோபம் பெரிய கோபம்தான் போலிருக்கிறது.

கோபத்தை அப்புறம் பார்ப்போம். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்டி நன்றாகத்தான் இருக்கும், அதற்குள் ஓடுகிற பழைய சிஸ்டம்தான் மூச்சு வாங்குகிறது. இந்தக் கடிதத்தோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். இதில் லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டம் இருக்கிறது. எங்கள் வானிலை நிலையத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் இதில்தான் ஓடுகின்றன. இந்தத் தீவில் மனிதர்களை விடப் பழுதாகாமல் உழைப்பது அவைதான்.

பென் டிரைவைச் செருகுங்கள். பெட்டியை ஆன் செய்த உடனே F12 பொத்தானை விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் பென் டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். கொஞ்ச நேரம் கறுப்புத் திரையில் எழுத்துக்கள் ஓடும், பயப்படாதீர்கள். அப்புறம் பளிச்சென்று புதுத் திரை வரும்.

அந்தத் திரையில் 'இன்ஸ்டால்' என்று ஒரு சின்னப் படம் இருக்கும். அதை மட்டும் தொடவே கூடாது. அவசரத்தில் ஒன்று கிடக்க ஒன்றை அழுத்திவிட்டால், அண்ணன் பழைய சிஸ்டத்தில் சேர்த்து வைத்த போட்டோ எல்லாம் போய்விடும். இப்போதைக்குப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். மைக், ஸ்பீக்கர், இன்டர்நெட் மூன்றும் வேலை செய்கிறதா என்று எழுதுங்கள். அடுத்த படி என்ன என்று அப்போது சொல்கிறேன்.

அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 21

மரியாதைக்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய பென் டிரைவ் வந்து சேர்ந்தது. F12 என்று சொன்னாய். நான் அழுத்துவதற்குள் பழைய திரை வந்து உட்கார்ந்துகொண்டு வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மறுபடி முயற்சித்தேன், மறுபடி வட்டம். பிறகு ஆன் பொத்தானில் ஒரு கையும் F12-இல் ஒரு கையுமாக, பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி பாய்ந்தேன். பட்டியல் வந்தது.

கறுப்புத் திரையில் எழுத்து ஓடியபோது, 'பயப்படாதீர்கள்' என்று நீ எழுதியிருந்ததை உரக்கச் சொல்லிக்கொண்டேன். புதுத் திரை வந்ததும் உன் அண்ணன் "ம்ம்" என்றார். இன்றைக்கு அவரிடம் இருக்கிற ஒரே சொல் அதுதான். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். இது சந்தோஷ "ம்ம்". எனக்கு வித்தியாசம் தெரியும்.

மைக் வேலை செய்கிறது. ஸ்பீக்கர் வேலை செய்கிறது. இன்டர்நெட் பாஸ்வேர்டைக் கேட்டது, கொடுத்தேன், ஒட்டிக்கொண்டது. பழைய பெட்டியா இது என்று நம்ப முடியவில்லை. கடைக்காரரைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று கை பரபரக்கிறது. C என்று ஒரு டிரைவ் இருக்குமே, அதைத்தான் திரை முழுக்கத் தேடிக் கிடைக்காமல் விட்டுவிட்டேன். நீ சொன்ன 'இன்ஸ்டால்' படத்தின் பக்கமே போகவில்லை.

அன்று வேலை முடிந்ததும் பெட்டியை அணைக்கக் கையை நீட்டினேன். உன் அண்ணன் இடது கையால் மேசையைப் படபடவென்று தட்டினார். முகம் சிவந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது. இத்தனை வருஷம் ஐஸ் பாக்டரியில் கம்ப்ரஸர் ஓட்டியவர் இல்லையா? புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாள் அவர் சொல்வது அது ஒன்றுதானே, "ஓடுற மெஷின நிறுத்தாத. நிறுத்தினா மறுபடி கிளப்புறது நம்ம கையில இல்ல" என்று. சரி என்று விட்டுவிட்டேன். திரையை மட்டும் அணைக்கிறேன், பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் குவார்ட்டர்ஸுக்குப் பாக்டரி ஜெனரேட்டரிலிருந்துதான் கரண்ட், போவது என்ற பேச்சே இல்லை. பென் டிரைவை யாரும் இடித்துவிடக் கூடாது என்று சோப்பு டப்பாவை வெட்டி அதற்கு ஒரு வேலி கூடப் போட்டிருக்கிறேன்.

நன்றி. மனதாரத்தான் சொல்கிறேன். ஆனால் கோபமும் மனதாரத்தான் இருக்கிறது. உன் அண்ணன் பக்கவாதம் வந்து கீழே விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எங்கெங்கோ கையெழுத்துக் கேட்டார்கள். என்ன எதற்கு என்று தெரியாமல் போட்டேன். பக்கத்தில் நம் மனிதர் என்று ஒருவர் இல்லை. அவருக்குக் கூடப் பிறந்தவள் நீ ஒருத்திதான். அவர் நடக்க ஆரம்பித்த பிறகும் நீ வரவில்லை. பென் டிரைவ் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
அண்ணி


ஜூலை 5

அண்ணிக்கு,

பென் டிரைவ்தான் வந்தது, நான் வரவில்லை. உண்மை.

அண்ணன் விழுந்த செய்தி எனக்கு ரேடியோவில் வந்தபோது அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்டார். படகுக்காக மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். படகு வந்தது. அலை அதிகம் என்று தீவை ஒட்டக்கூட முடியாமல், என் கண் முன்னாலேயே திரும்பிப் போயிற்று. அலை எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதியதும் நான்தான். அதுதான் என் வேலை. அளந்து எழுதிவிட்டு, பாறையின் மேல் நின்று கடலை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எங்கள் நிலையத் தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு, எனக்கு மாற்றாக வர வேண்டியவர் வரவில்லை. இங்கே நாங்கள் இரண்டே பேர். ஒருவர் போனால் இன்னொருவர் தூங்க முடியாது. இதையெல்லாம் எழுதினால் சாக்குச் சொல்வதாக இருக்கும் என்று எழுதவில்லை. அது தப்பு என்று இப்போது தெரிகிறது.

கம்ப்யூட்டர் வேலை செய்கிறதல்லவா, சந்தோஷம். சந்தேகம் வந்தால் அந்தக் கடைக்காரரையே கேளுங்கள். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

நாத்தனார்


ஜூலை 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். யாரிடம் என்றுதான் தெரியவில்லை, வீட்டில் இருப்பது நானும் உன் அண்ணனும்தான். மறுநாள் அவருக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினேன். மூட்டையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாய் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். கடலைத் திட்டினாய் என்ற இடத்தில் அவர் சிரித்தார். விழுந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் பேசிவிட்டேன். இதோடு விட்டுவிடுவோமா?

இப்போது கம்ப்யூட்டர் கதையைக் கேள். இதில் கடை மாதிரி ஒன்று இருக்கிறது. உள்ளே போனால் என்னென்னவோ அடுக்கி வைத்திருக்கிறார்கள். குரல் பதிவுக்கு ஒன்றை எடுத்தேன். எல்லாம் முடிந்த பிறகும் பில் போடுகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பில்லே கிடையாதாம்! யாரோ முகம் தெரியாதவர்கள் உட்கார்ந்து செய்து, இந்தா எடுத்துக்கொள் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் தமிழும் இருக்கிறது. கீபோர்டில் தமிழை வரவழைக்கத் தலைகீழாக நின்றேன், கடைசியில் அமைப்புகளுக்குள் ஒரு மூலையில் அகப்பட்டது. அந்த முகம் தெரியாதவர்கள் நன்றாக இருக்கட்டும். அவர்கள் வீட்டில் யாருக்கும் நோய் நொடி வரக் கூடாது.

டாக்டரம்மா படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பார்த்தார், பாடிக் காட்டினார், ஒன்றுக்கும் உன் அண்ணன் மசியவில்லை. கடைசியில் அவர் "ம்ம்" என்பதைப் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டினோம். திரையில் குரல் மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டுக்கொண்டு போகிறதே, அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்ப்ரஸர் மீட்டரில் முள்ளையே பார்த்துப் பழகிய கண். அந்தக் கோட்டை உயர்த்தத்தான் அவர் வாயைத் திறந்தார் என்று சொன்னால் நீ நம்புவாய்.

முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? "போ". டாக்டரம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த அம்மா கை தட்டினார். பிறகு "வா". பிறகு "ஐஸ்". "தண்ணி" வருவதற்குள் இரண்டு பேருக்கும் தண்ணி காட்டிவிட்டது. ஒவ்வொன்றையும் பதிவு செய்து 'ஒலிகள்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்கிறார், கேட்டுக்கொண்டே கூடச் சொல்கிறார். என் குரலில் சொன்னால் வருவதில்லை, அவர் குரலைக் கேட்டால்தான் வருகிறது. "இந்தப் பதிவெல்லாம் பத்திரம். இதுதான் இப்ப அவருக்கு மருந்து" என்கிறார் டாக்டரம்மா.

ஒரு பதிவை மட்டும் ஃபோல்டரில் போடாமல் தனியாக வைத்திருக்கிறேன். நீ வரும்போது போட்டுக் காட்ட. என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். நேற்றிலிருந்து 'இடம் போதவில்லை' என்று ஒரு செய்தி வருகிறது. அவ்வளவு பெரிய டிஸ்கில் இடம் இல்லையா? ஏதோ பாட்டுகள் எடுத்திருந்தேன், அவற்றை நீக்கியதும் சும்மா இருக்கிறது. 'இன்ஸ்டால்' படம் அப்படியே இருக்கிறது, நீ சொன்னபடி தொடவே இல்லை. பென் டிரைவும் வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது. பெட்டியை ஆன் செய்த நாளிலிருந்து இன்று வரை அணைக்கவே இல்லை. சொன்ன பேச்சை இவ்வளவு கேட்கிற அண்ணி உனக்கு வேறெங்கே கிடைப்பாள்?

உன் அண்ணி


ஆகஸ்ட் 6

அண்ணி,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. மூட்டைகளை இறக்கி, படகை அனுப்பிவிட்டு, தேநீரோடு உட்கார்ந்து ஆசை ஆசையாகப் படித்தேன். கடைசிப் பத்தியில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியே ஓடிப் போய்ப் பார்த்தேன். படகு ஒரு புள்ளியாகப் போய்விட்டது. இந்தக் கடிதம் அடுத்த படகில்தான் வரும். இருந்தும் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணி, நீங்கள் இன்னும் லினக்ஸைப் பெட்டிக்குள் போடவே இல்லை. பென் டிரைவிலிருந்து ஓடுவது பழகிப் பார்ப்பதற்கு மட்டும். அதில் செய்வது எதுவும் டிஸ்கில் போய்ச் சேராது. எல்லாம் பெட்டியின் தற்காலிக நினைவில் நிற்கும், கரண்ட் இருக்கிற வரைக்கும். நீர்மேல் எழுத்து என்பார்களே, அதேதான். 'இடம் போதவில்லை' என்றது டிஸ்க் இல்லை, அந்தத் தற்காலிக நினைவு. பெட்டி ஒரு முறை அணைந்தால் போதும். "போ", "வா", "ஐஸ்", "தண்ணி" ஒன்றும் இருக்காது.

"அடுத்த படி என்ன என்று அப்போது சொல்கிறேன்" என்று எழுதியவள் நான். சொல்ல வேண்டிய கடிதத்தில் கோபித்துக்கொண்டு, கடைக்காரரைக் கேளுங்கள் என்று எழுதிவிட்டேன். மற்றவர்கள் என்றால் முதல் நாளே அணைத்திருப்பார்கள், மறுநாள் காலி என்று தெரிந்திருக்கும். அண்ணன் வீட்டில்தான் ஓடுகிற மெஷினை நிறுத்த மாட்டார்களே!

இன்னொன்றும் இருக்கிறது. வெளியே வானம் நன்றாகத்தான் தெரிகிறது, என் கருவிகளில் காற்றழுத்தம் சரிந்துகொண்டே போகிறது. பெரிய புயல். எங்களைத் தொடாது. நாளை உங்கள் கரையைத் தொடும். பாக்டரிக்குள் தண்ணீர் வந்தால் ஜெனரேட்டரை நிறுத்துவார்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

இங்கே போன் இல்லை, இன்டர்நெட் இல்லை, ஒரே ஒரு ரேடியோதான். இங்கிருந்து வானிலைத் தகவலைத் தவிர ஒரு சொல் அதில் போகக் கூடாது என்பது விதி. தலைவர் விதி என்றால் விதி என்கிற ஆள், சொந்த மகளின் கல்யாணத்துக்குக் கூட அதில் வாழ்த்துச் சொல்லாதவர். அவரிடம் போகிறேன். காலில் விழுந்தாவது கேட்கிறேன்.


ஆகஸ்ட் 19

என் அருமை நாத்தனாருக்கு,

அந்தப் புயல் அறிக்கையை இந்த ஊரே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது, தெரியுமா உனக்கு? துறைமுக ரேடியோவில் படித்தார்களாம். ஒவ்வொரு படகிலும் கேட்டிருக்கிறது. "கடும் புயல் நாளை பிற்பகல் கரையைக் கடக்கும். படகுகள் கடலுக்குச் செல்ல வேண்டாம். தாழ்வான இடங்களில் இருப்போர் மேடான இடத்துக்குச் செல்லவும். ஐஸ் பாக்டரி குவார்ட்டர்ஸ் அண்ணிக்கு: கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். போனைக் கேபிளில் மாட்டி, ஒலிகள் ஃபோல்டரை அதற்குள் நகலெடுக்கவும். உடனே. இப்படிக்கு நாத்தனார்." படித்தவருக்கே சந்தேகம் வந்து, இன்னொரு தடவை படித்தாராம்.

மறுநாள்தான் அது என் காதுக்கு வந்தது. துறைமுக அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைத் தாளோடு ஒருவர் பாக்டரிக்கு வந்தார். அங்கிருந்து ஷிப்ட் இன்ஜினியர் அதை எடுத்துக்கொண்டு மழையில் நனைந்து ஓடி வந்தார். உன் அண்ணனிடம் தொழில் பழகியவர்தான். "அண்ணி, பாக்டரிக்குள்ள தண்ணி ஏறுது. ஜெனரேட்டர நிறுத்தப் போறோம். உங்களுக்கு எவ்ளோ நேரம் வேணும்?" என்றார். எனக்கு என்ன தெரியும்? "கொஞ்சம் நேரம்பா" என்றேன். "முடிஞ்சதும் ஜன்னல்ல துண்ட ஆட்டுங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

போனைக் கேபிளில் மாட்டினேன். அனுமதிக்கவா என்று போன் கேட்டது. அனுமதி, அனுமதி, உயிரை வாங்காதே என்று அழுத்தினேன். திரையில் போன் வந்தது. ஃபோல்டரைப் பிடித்து அதற்குள் இழுத்து விட்டேன். ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. நானும் உன் அண்ணனும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் இடது கையால் "வா, வா" என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயாலும் சொன்னார். கோடு முடிந்தது. போனில் போட்டுப் பார்த்தேன், "போ" என்று கேட்டது. ஓடிப் போய் ஜன்னலில் துண்டை ஆட்டினேன். ஜெனரேட்டர் சத்தம் அடங்கியது, பெட்டி அணைந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்த ஒன்று.

உனக்கென்று தனியாக வைத்திருந்தேன் என்று எழுதினேனே. ஃபோல்டரில் போடாமல், பத்திரமாக இருக்கட்டும் என்று திரையின் மேலேயே ஓரமாக வைத்திருந்தேன். நீ சொன்னது ஒலிகள் ஃபோல்டர். நான் எடுத்ததும் ஒலிகள் ஃபோல்டர். கரண்ட் வந்து பெட்டியை மறுபடி கிளப்பியபோது அது போயிருந்தது.

என்ன என்று இப்போது சொல்லிவிடுகிறேன். உன் பழைய கடிதத்தை நான் உரக்கப் படித்த மறுநாள், நான் சமையலறையில் இருந்தபோது, அவர் தனியாக மைக் முன்னால் உட்கார்ந்து எதையோ முனகுவது கேட்டது. சத்தம் போடாமல் வந்து பதிவை ஆன் செய்தேன். "பட்...டாணி" என்றார். அவர் மட்டும் உன்னைக் கூப்பிடுகிற பெயர். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் பெயர் கூட அவருக்கு இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், மறுபடி சொல்லவே இல்லை.

என்னை மன்னித்துவிடு. மற்றதெல்லாம் உன்னால்தான் மிஞ்சியது. நீ அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மறுநாள் காலையில் அவர் எதைக் கேட்டுப் பேசுவார்? நீ வரவில்லை என்று சொன்னேனே. எல்லாரையும் விட முன்னால் வந்து நின்றது நீதான்.

உன் அண்ணி

பி.கு. மீன் விற்கிறவர், பால்காரர், பஸ் கண்டக்டர் எல்லாரும் இப்போது என்னைப் பார்த்தால் "அண்ணி, கம்ப்யூட்டர் சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறார்கள்.


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

ஃபோல்டர் பிழைத்தது என்று படித்ததும், கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைவரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "விதிய மீறினதுக்கு மேலிடத்துலேருந்து விளக்கம் கேட்டிருக்காங்க. புயலால ஏற்படக்கூடிய சேதத்தத் தடுக்கத்தான் சொன்னோம்னு எழுதிட்டேன். பொய் இல்லையே?" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உங்க அண்ணன் 'தண்ணி'ய இப்ப தெளிவாச் சொல்றாரா?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு நான் வாழ்நாள் முழுக்கத் தேநீர் போட்டுக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்த ஒன்றுக்காக அழாதீர்கள். அண்ணன் என்னைக் கூப்பிட்டார் என்று நீங்கள் கையால் எழுதிய வரி என்னிடம் இருக்கிறது. கரண்ட் போனால் அது அழியாது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மழைமானியைப் பார்க்கப் போகிறேன். அவர் விழுந்தபோது தாங்கியது நீங்கள். பேச்சு வரும் என்று மைக் முன்னால் உட்கார்ந்தது நீங்கள். எனக்கு அண்ணன் திரும்பக் கிடைத்தது உங்களால்தான், இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, பாக்கி வைத்த அடுத்த படியை இப்போது சொல்கிறேன். இந்த முறை அந்த 'இன்ஸ்டால்' படத்தை அழுத்தத்தான் வேண்டும். முன்னெச்சரிக்கையாக அண்ணனின் போட்டோக்களையும் முதலில் போனுக்கு நகலெடுத்துவிடுங்கள். பிறகு மொழி கேட்கும், தமிழ் என்று சொல்லுங்கள். எங்கே போட வேண்டும் என்று கேட்கும் இடத்தில்தான் நிதானம் வேண்டும். 'டிஸ்கை அழித்துவிட்டுப் போடு' என்று ஒன்று இருக்கும், அது வேண்டாம். 'பழைய சிஸ்டத்தின் பக்கத்தில் போடு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி, அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும், மறக்காததாகக் கொடுங்கள். முடிந்ததும் பென் டிரைவை எடுத்துவிடச் சொல்லும். வேலியைப் பிரித்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. ஒலிகளை உள்ளே போட்ட பிறகு, பெட்டியை ஒரு முறை அணைத்து ஆன் செய்து பார்க்க வேண்டும். அப்போதுதான் நிஜமாகவே நிற்கிறதா என்று தெரியும். அண்ணன் சண்டைக்கு வருவார். அவரையே அணைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 20

பட்டாணிக்கு,

இப்படிக் கூப்பிட உன் அண்ணனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "ம்ம்" என்றார். சம்மத "ம்ம்".

நீ எழுதியபடியே செய்தேன். போட்டோக்களைப் போனுக்கு எடுத்தேன், எங்கே போட வேண்டும் என்று கேட்ட இடத்தில் உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்து அழுத்தினேன். பாஸ்வேர்டு என்ன கொடுத்தேன் என்று எழுத மாட்டேன், இந்தக் கடிதத்தைப் படகில் எத்தனை பேர் படிப்பார்களோ! வேலை முடிந்தது, பென் டிரைவை எடுத்தேன், திரை வந்தது. 'இன்ஸ்டால்' படத்தைக் காணவில்லை. இவ்வளவு நாள் தொடாமல் காவல் காத்ததால் அது இல்லாதது என்னமோ போல் இருந்தது.

போனிலிருந்து ஒலிகளை உள்ளே போட்டேன். இப்போது அணைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். உன் அண்ணன் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். "நான் சொல்லல, உங்க தங்கச்சிதான் சொல்லியிருக்கா. உங்களையே அணைக்கச் சொல்லியிருக்கா" என்று கடிதத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மவுஸை இடது கையில் வாங்கி, தட்டுத் தடுமாறி அதை நகர்த்தி, அவரே அணைத்தார்.

திரை இருண்டது. பெட்டிக்குள் விசிறிச் சத்தம் நின்றது. அவர் வலது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். விழுந்த நாளிலிருந்து அந்தக் கையில் அவ்வளவு பிடி நான் பார்த்ததில்லை. எனக்கும் பயம்தான். உன் பேச்சை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, "கிளப்புங்க" என்றேன்.

அவரே பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரையில் எழுத்து ஓடியது, புதுத் திரை வந்தது, பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். ஒலிகள் ஃபோல்டர் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. முதல் பதிவைப் போட்டேன். "போ" என்றது. உன் அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மறுபடி அணைத்தார், மறுபடி கிளப்பினார். சின்னப் பிள்ளை மாதிரி அன்றைக்கு எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. கடைசியில் நான்தான் "போதும், மெஷின் பாவம்" என்றேன்.

அதற்குப் பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பதிவைப் போடு என்று கண்ணால் சொன்னார். போட்டேன். கோடு தட்டையாக ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன், ஓடுகிறதை ஏன் நிறுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

"பட்டாணி" என்றார். உடையாமல், ஒரே மூச்சில்.

நான் கையைத் தட்டப் போனேன். அவர் விரலை உயர்த்தி என்னை அடக்கினார். திரையைப் பார்த்தபடியே, நீ எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, இன்னொன்றும் சொன்னார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தப் பயிற்சியிலும் அது இல்லை. நீ இங்கே இருந்த காலத்தில் பாக்டரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாரே, அது.

இந்த முறை மூன்று இடத்தில் நகலெடுத்துவிட்டேன். பெட்டியில் ஒன்று, போனில் ஒன்று. மூன்றாவது உன் பென் டிரைவில். அதற்கு இங்கே வேலை முடிந்துவிட்டதால் காலி செய்து, அந்த ஒரே பதிவை மட்டும் போட்டு, இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். உங்கள் நிலையத்துக் கம்ப்யூட்டரில் கேட்கும். தலைவருக்கும் போட்டுக் காட்டு, அவருக்கு என் கும்பிடு.

பதிலைச் சீக்கிரம் அனுப்பு. "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு மைக் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார்.

உன் அண்ணி